அலமாரிக்குப் பின்னால் அப்பா

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகமாகத்தான் இருக்கிறோம், அப்பாவின் இடது முழங்கையில் ஒரு சிராய்ப்பையும் உன் அறையின் சீலிங்கில் ஒரு பள்ளத்தையும் தவிர. அங்கே நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள், குட்டிக்குச் சளி விட்டதா, பல் எத்தனை முளைத்திருக்கிறது, அதை வைத்து யார் யாரைக் கடிக்கிறாள் என்று விவரமாக எழுது. போன ஞாயிற்றுக்கிழமை போனில் “என்னம்மா விசேஷம்” என்று நீ கேட்டாய், நான் “ஒண்ணும் இல்லையே” என்றேன், அது பச்சைப் பொய். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், அதனால் சொன்ன பொய். போனில் எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் நடுவில் புகுந்து தனக்குச் சாதகமாகத் திருப்பிவிடுவார். கடிதத்தில் அது நடக்காது. நீ இப்போது உட்கார்ந்துகொள், டீ இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொள், இது கொஞ்சம் நீளமான கதை.

போன மாதம் நீ சொன்னாயே, இந்தத் தடவை ஊருக்கு வரும்போது பெரிய தெரு லாட்ஜில் தங்கிக்கொள்கிறோம், கைக்குழந்தையோடு வந்து உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று. எவ்வளவு மரியாதையாகச் சொன்னாய். அவ்வளவு மரியாதையாக நீ பேசி நான் கேட்டது எட்டாம் வகுப்பில் ரேங்க் கார்டில் கையெழுத்து வாங்க வந்தபோதுதான். அப்பா “சரிம்மா, உன் சௌகரியம்” என்று சொல்லி போனை வைத்துவிட்டார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அடுத்த இரண்டு நாள் செய்தித்தாளைச் சும்மா படித்தார். சிவப்புப் பேனாவே எடுக்கவில்லை. முப்பத்து மூன்று வருடம் அச்சகத்தில் புரூப் பார்த்த மனிதர், ஓய்வு பெற்ற பிறகும் பேப்பரில் தினமும் பத்துப் பிழையாவது சுழித்து வைக்காமல் காலை டீயை முடிக்காதவர், பேனா இல்லாமல் பேப்பர் படிக்கிறார் என்றால் மனசு எவ்வளவு சுருண்டிருக்கும் என்று எனக்குத் தெரியாதா. 

மூன்றாம் நாள் வாசலில் ஏழு அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின. உள்ளே பலகை பலகையாக ஒரு அலமாரி, நாமே ஒன்றோடொன்று சேர்த்துப் பூட்டிக்கொள்ள வேண்டியது. எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். உன் அறையில், ஜன்னலுக்கு எதிரே சுவர் உள்வாங்கி இருக்குமே, நீ சின்ன வயதில் கணக்கு வீட்டுப்பாடம் என்றால் போய் ஒளிந்துகொள்வாயே, அந்த இடத்தில். என் தையல் துணி மூட்டைகள், அவருடைய பழைய காகிதக் கட்டுகள் எல்லாம் அதற்குள் போய்விட்டால் கட்டில் போட இடம் வந்துவிடும் என்றார். யாருக்குக் கட்டில் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நான்கு நாள் பூட்டினார். என்னைக் கிட்டவே சேர்க்கவில்லை. அலமாரியோடு வந்த குறிப்புத் தாளை முதலில் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தார், ஏழு எழுத்துப்பிழைகள் கண்டுபிடித்து எல்லாவற்றையும் சிவப்பில் திருத்தினார், அந்த நாலு நாளில் அவர் சிரித்தது அப்போதுதான். பிறகு இன்ச் டேப்பை எடுத்துச் சீலிங்கின் உயரத்தை அளந்தார், இருநூற்று நாற்பத்தைந்து சென்டிமீட்டர். அலமாரியின் உயரம் இருநூற்று நாற்பது. “அஞ்சு சென்டிமீட்டர் மிச்சம் இருக்கு, ஜம்முனு நிக்கும்” என்றார். முதுகுப் பலகையை ஆணி அடிக்க வேண்டும் என்பதால் அலமாரியைக் குப்புறப் படுக்கவைத்தே முழுசாகப் பூட்டினார். போதாததற்கு ஒவ்வொரு மூட்டிலும் பசை வேறு, சாகும் வரைக்கும் பிரியக்கூடாதாம். பிரிக்கவே முடியாது என்பது பின்னால் எவ்வளவு தொல்லை ஆனது என்று பார்.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு நிமிர்த்தலாம் என்று முடிவு. பக்கத்து வீட்டு பெயிண்டர் தம்பியைக் கூப்பிட்டேன், அவருக்கு அன்றைக்கு வேலை மத்தியானத்துக்கு மேல்தான். டாக்டர் கனமான எதையும் தூக்கக்கூடாது என்று சொல்லி இரண்டு வருடம் ஆகிறது, அதை நான் அப்பாவுக்கு ஞாபகப்படுத்தினேன். “நான் எங்க தூக்குறேன், நீங்க தூக்குங்க, நான் காலை வழுக்காம பிடிச்சுக்கிறேன்” என்று சொல்லி, அலமாரியின் கால் பக்கத்தைத் தாண்டிப் போய் அந்தச் சுவர் இடுக்கில் நின்றுகொண்டார். மூன்று பக்கமும் சுவர், நாலாவது பக்கம் அலமாரி. நிமிர்ந்த பிறகு நீங்கள் எப்படி வெளியே வருவீர்கள் என்று கேட்டேன். “முதல்ல அது நிக்கட்டும்” என்றார்.

நானும் பெயிண்டரும் தலைப்பக்கம் பிடித்துத் தூக்கினோம். முக்கால்வாசி தூரம் சமர்த்தாக எழுந்தது. அப்பா உள்ளே இருந்து “அப்படித்தான், அப்படித்தான்” என்று கச்சேரிக்குத் தலையாட்டுகிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். திடீரென்று மேலே டக் என்று ஒரு சத்தம், நின்றுவிட்டது. பெயிண்டர் “ஏதோ தட்டுதுக்கா, ஒரு தம் பிடிச்சுத் தள்ளுங்க” என்றார். புத்தி கெட்டுப்போய் நானும் தம் பிடித்துத் தள்ளினேன். அலமாரியின் பின்பக்க மேல் மூலை சீலிங்கில் பூசின பூச்சுக்குள் நறுக்கென்று ஏறி உட்கார்ந்துகொண்டது. அதற்கு மேல் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. எங்கள் பக்கம் சாய்ந்தபடி, மேலே சீலிங்கும் கீழே தரையுமாக முட்டுக்கொடுத்து நின்றுவிட்டது, உன் அப்பா அதற்குப் பின்னால்.

உடனே இழுத்துக் கீழே இறக்கிவிடலாம் என்றுதான் நான் சொன்னேன். பெயிண்டர் தடுத்துவிட்டார். மேலே பிடிப்பு விட்ட நொடியில் அடிப்பக்கம் வழுக்கி உள்ளே போனால் சாரோட ரெண்டு காலும் அகப்பட்டுக்கொள்ளும், நம்ம ரெண்டு பேரால நிறுத்த முடியாதுக்கா என்றார். அதைக் கேட்டதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் தன் ஏணியைக் கொண்டுவந்து தலைப்பக்கம் முட்டுக்கொடுத்துவிட்டு, மூன்றாவது தெருவில் வேலை செய்கிற தன் ஆட்கள் இரண்டு பேரைக் கூட்டிவருகிறேன் என்று ஓடினார். திரும்பி வர நாற்பது நிமிடம் ஆனது. உன்னைக் கூப்பிட நினைத்தேன், நீ ஆஸ்பத்திரி லேபில் இரத்த மாதிரிக் குப்பிகளுக்கு நடுவே இருப்பாய், அங்கே இருந்து பதறி என்ன செய்வாய் என்று விட்டுவிட்டேன். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அலமாரிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். அவர் அந்தப் பக்கம் நின்றார்.

முதல் பத்து நிமிடம் எனக்கு உத்தரவுகள் வந்தன. ஏணி சரியாக நிற்கிறதா பார், வாசல் கதவு திறந்திருக்கிறதா பார், அடுப்பில் ஏதாவது இருக்கிறதா பார். அப்புறம் சத்தத்தையே காணோம். நாற்காலியை விட்டு எழுந்தேன். “என்னங்க, ஏதாவது பண்ணுதா” என்றேன். “எனக்கு ஒண்ணும் பண்ணலை, யோசிச்சிட்டு இருக்கேன்” என்றார். பிறகு தானாகவே பேசினார். கல்யாணம் ஆகி முப்பத்தைந்து வருடத்தில் என் முகத்தைப் பார்த்து அவர் இப்படிப் பேசினதில்லை, நடுவில் ஒரு அலமாரி தேவைப்பட்டிருக்கிறது. “லாட்ஜ்ல தங்குறேன்னு அவ சொன்னதுல தப்பே இல்லை. இந்த ரூம்ல மனுஷங்க தங்க எங்க இடம் இருந்துச்சு? போன தடவை வந்தப்ப சோபாவிலதான் படுத்தா. வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டு, காலை நீட்ட முடியாம மடக்கிக்கிட்டு. நான் தண்ணி குடிக்க வந்தவன் பாத்தேன். பாத்துட்டுப் பேசாமப் போயிட்டேன். இந்த மூட்டையெல்லாம் தூக்கி வெளிய வீசிட்டு, வாம்மா, வந்து உன் ரூம்ல படுன்னு சொல்லியிருக்கலாம். சொல்லலை. நம்ம வீட்ல அவளுக்கு இடம் இல்லைன்னு அவ நினைச்சிருப்பாளோ?” என்றார்.

நான் அழவில்லை என்று எழுதலாம்தான், ஆனால் பெயிண்டர் திரும்பி வந்தபோது பார்த்துவிட்டார், நாளைக்கு நீ வந்தால் அவர் சொல்லிவிடுவார். அப்போது அப்பாவிடம் நான் சொன்னது, “நீங்க மட்டுமா, அந்த மூட்டையில பாதி என்னோடது”.  உள்ளே இருந்து “பாதி இல்லை, முக்கால்” என்று வந்தது. சரி, ஆள் பிழைத்துக்கொண்டார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

மூன்று பேருமாக வந்து, அடிப்பக்கம் வழுக்காமல் இரண்டு ஓரத்திலும் மரத்துண்டு அறைந்துவிட்டு, தலைப்பக்கத்தைப் பிடித்து மெல்ல மெல்ல இறக்கிவிட்டார்கள். அலமாரி பழையபடி குப்புறப் படுத்தது, அப்பா அதன்மேல் ஏறித் தாண்டி வெளியே வந்தார், முழங்கைச் சிராய்ப்பு அப்போது பட்டதுதான். வந்தவர் நேராக வாசல்படியில் போய் உட்கார்ந்தார். டீ கொண்டுபோய்க் கொடுத்தேன், ஆறிப்போகும் வரைக்கும் கையிலேயே வைத்திருந்தார். “பிரிக்கவும் முடியாது, நிமிர்த்தவும் முடியாது. யாராவது வந்தா எடுத்துட்டுப் போகச் சொல்லு” என்றார். நான் உள்ளே வந்து அந்தக் குறிப்புத் தாளை எடுத்துப் பார்த்தேன். நாலாவது வரியில், படுக்கவைத்துப் பூட்டுவதாக இருந்தால் அறையின் உயரம் குறைந்தது இருநூற்று ஐம்பது சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. அதில் ‘உயறம்’ என்று தப்பாக அச்சாகி இருந்ததை உன் அப்பா ‘உயரம்’ என்று அழகாகத் திருத்தியும் வைத்திருக்கிறார். திருத்தினாரே ஒழிய, அது என்ன சொல்கிறது என்று பார்த்தாரா, இல்லை. இதை நான் இதுவரை அவரிடம் காட்டவில்லை. நீ வரும்போது சேர்ந்து காட்டலாம்.

ஐந்து சென்டிமீட்டர் மிச்சம் இருந்தும் ஏன் முட்டியது என்று எனக்குப் பிடிபடவில்லை. துணி வெட்டுகிறவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான், காகிதத்தில் வெட்டிப் பார்ப்பது. பத்து சென்டிமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று கணக்கு வைத்து, இருபத்து நாலுக்கு ஆறில் ஒரு காகித அலமாரி வெட்டினேன். வெட்டு மேஜையில் இருபத்து நாலரை இடைவெளி விட்டு இரண்டு கோடு போட்டேன், ஒன்று தரை, ஒன்று சீலிங். காகிதத்தைப் படுக்கவைத்து, ஒரு மூலையில் விரலை ஊன்றி நிமிர்த்தினேன். பாதி வழியில் எதிர்மூலை மேல்கோட்டைத் தாண்டி இரண்டு மில்லிமீட்டர் வெளியே எட்டிப் பார்த்தது. முழுசாக நிமிர்ந்த பிறகு சமர்த்தாக உள்ளே வந்துவிட்டது. அப்போதுதான் புரிந்தது, அலமாரி நிற்கும்போது அதன் உயரம் இருநூற்று நாற்பது, ஆனால் எழுந்திருக்கும்போது அதன் உயரம் மூலைக்கு மூலை. அந்த மூலைக்கு மூலைதான் முட்டியிருக்கிறது.

இனிமேல் சிரிக்காமல் படி. அந்த மூலைக்கு மூலைக்கு ஒரு பெயர் உண்டு என்பது எனக்கு எப்படித் தெரியும் தெரியுமா? நீ ஒன்பதாவது படிக்கும்போது என் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து, செங்கோண முக்கோணத்தில் கர்ணத்தின் வர்க்கம் மற்ற இரண்டு பக்கங்களின் வர்க்கங்களின் கூடுதலுக்குச் சமம் என்று ஒரு வாரம் கத்திக்கொண்டே இருந்தாய். மனப்பாடம் செய்தது நீ, மனப்பாடம் ஆனது எனக்கு. பரீட்சையில் அந்தக் கேள்விக்கு உனக்கு ஐந்துக்கு ஒன்று கிடைத்தது, அதையும் நான் மறக்கவில்லை. ஆக, காகிதத்தின் ஓரத்திலேயே கணக்கைப் போட்டேன். சீலிங்கின் உயரத்தை நான் மாற்ற முடியாது, மூலைக்கு மூலை அதற்கு மேல் போகவே கூடாது, அப்படியானால் கர்ணம் இருநூற்று நாற்பத்தைந்து. அலமாரியின் ஆழம் அறுபது, அதையும் மாற்ற முடியாது. நம் கையில் இருப்பது மீதி ஒரு பக்கம்தான், அது எவ்வளவு இருக்கலாம்? இருநூற்று நாற்பத்தைந்தை அதாலேயே பெருக்கினால் அறுபதாயிரத்து இருபத்தைந்து. அறுபதை அறுபதால் பெருக்கினால் மூவாயிரத்து அறுநூறு. கழித்தால் ஐம்பத்தாறாயிரத்து நானூற்று இருபத்தைந்து. எந்த எண்ணை அதாலேயே பெருக்கினால் இது வரும் என்று கால்குலேட்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டேன், இருநூற்று முப்பத்தேழு போதவில்லை, இருநூற்று முப்பத்தெட்டு கூடிப்போயிற்று, நடுவில் இருநூற்று முப்பத்தேழரை கிட்டத்தட்டச் சரியாக வந்தது. அதாவது இரண்டரை சென்டிமீட்டர் குறைத்தால் உரசிக்கொண்டாவது எழுந்துவிடும். அடியில் எட்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு கட்டை இருக்கிறது, வெறும் தாங்குகட்டை, அதில் அறுத்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

காகித அலமாரியையும் கணக்கையும் வாசல்படிக்குக் கொண்டுபோய் அப்பா மடியில் வைத்தேன். அவர் காகிதத்தை ஐந்தாறு தடவை நிமிர்த்தி நிமிர்த்திப் பார்த்தார். பிறகு சட்டைப் பையில் இருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். கணக்கில் தப்புக் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் திருத்தினது ஒரே ஒரு புள்ளி. நான் அவசரத்தில் கர்ணம் என்பதற்குப் பதிலாகக் ‘கரணம்’ என்று எழுதியிருக்கிறேன். “உள்ள அடிச்சது கரணம்தான், ஆனா நீ போட்டிருக்கிற கணக்கு கர்ணம்” என்றார். சொல்லிவிட்டு அந்த ஆறின டீயை ஒரே மூச்சில் குடித்தார். முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்த மனிதர் ஒரு புள்ளி வைத்ததில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் காலை பெயிண்டரும் அவருடைய ஆட்களும் வந்தார்கள். “ஒரு இன்ச் அறுத்தாப் போதும்க்கா” என்றார் பெயிண்டர். ஒரு இன்ச் என்பது இரண்டரைதான், கணக்குப்படி போதும், ஆனால் சீலிங் கோடு போட்ட மாதிரி நேராக இருந்தால்தானே, அதைப் பூசினது யார் என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே தலையைச் சொறிந்தார், பூசினது அவர்தான். நாலு சென்டிமீட்டர் அறுப்பது என்று முடிவானது. அப்பா கோடு கிழித்தார், பெயிண்டர் அறுத்தார். அறுப்பதற்கு முன்னால் அப்பா தனியாக ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார், இருநூற்று முப்பத்தாறும் அறுபதும் என்றால் மூலைக்கு மூலை இருநூற்று நாற்பத்து மூன்றரை, ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி கிடைக்கும் என்று என்னிடம் வந்து சொன்னார், நான் ஏதோ அவரிடம் கேட்ட மாதிரி.

இந்த முறை அவரை அறை வாசலைத் தாண்டி உள்ளே விடவில்லை. ஆட்கள் மூன்று பேரும் தூக்கினார்கள், நான் ஸ்டூலில் ஏறி நின்று மேல் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தின நாள் முட்டின இடம் கிட்டே வந்ததும் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். என் சுண்டுவிரல் நுழைகிற இடைவெளியில் அந்த மூலை சீலிங்கைத் தொடாமல் நழுவிப் போயிற்று, அலமாரி தொம் என்று நிமிர்ந்து நின்றது. நான் திரும்பி அப்பாவைப் பார்த்தேன், அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். “முடிஞ்சுதா?” என்றார். முடிந்தது என்றேன். அப்புறம்தான் உள்ளே வந்தார். அரைமணி நேரம் அதன் கதவுகளைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்தார், பெயிண்டரின் ஆட்களுக்கே பொறுமை போய் விடைபெற்றுக்கொண்டார்கள்.

அதற்கு அடுத்த இரண்டு நாளும் மூட்டைகளைப் பிரித்தோம். என்னுடையதில் பாதியை என்னிடம் தையல் பழகுகிற பெண்களுக்குக் கொடுத்துவிட்டேன். அவருடைய காகிதக் கட்டுகளில் எதை வைத்துக்கொள்வது என்று நாள் முழுக்க உட்கார்ந்து பார்ப்பார் என்று நினைத்தேன், ஒன்றைக்கூடப் பிரிக்காமல் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார். இப்போது உன் அறையில் கட்டில் கிடக்கிறது, பக்கத்தில் தொட்டில் போட இடம் இருக்கிறது, ஜன்னலைத் திறந்தால் காற்று நேராகக் கட்டிலுக்கு வருகிறது. காற்று எப்படி வருகிறது என்று எனக்குத் தெரிந்தது, நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அப்பா போய் அங்கே படுத்துப் பார்த்ததால். ஐந்து நிமிடம் படுத்துப் பார்க்கிறேன் என்றவர் இரண்டு மணி நேரம் குறட்டை விட்டார், காலை நன்றாக நீட்டிக்கொண்டு.

எழுந்து வந்ததும் சொன்னார், “ரூம் ரெடின்னு எழுது. ஆனா கட்டாயம் எல்லாம் இல்லை, லாட்ஜ் சௌகரியம்னா லாட்ஜ்லயே தங்கட்டும், நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்னு எழுது” என்று. அவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். இரண்டு பேர் சேர்ந்து பொய் சொல்லக்கூடாது என்பதால் நான் உண்மையைச் சொல்கிறேன். லாட்ஜுக்குப் போன் போட்டு அறை வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடு. அதை எனக்குச் சொல்ல வேண்டாம், அப்பாவைக் கூப்பிட்டு நீயே சொல். அவர் “அப்படியா, சரிம்மா” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு போனை வைத்துவிடுவார். அதன்பிறகு அவர் முகத்தைப் பார்க்கப்போவது நான்தான், அது எனக்கு வேண்டும்.

குளிரில் குட்டிக்குக் காதை மூடு. மாப்பிள்ளையை வேளைக்குச் சாப்பிடச் சொல், நீயும் லேபில் நின்றுகொண்டே சாப்பிடாதே. குட்டியின் தள்ளுவண்டியைக் கொண்டுவருவதாக இருந்தால் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து முன்கூட்டியே எழுது, மாடிப்படித் திருப்பத்தில் அது திரும்புமா என்று நாங்கள் பார்த்து வைக்கிறோம். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், போகிற இடமெல்லாம் காலை நீட்டிப் படுக்க இடம் கிடைத்து, நிறைவாக வாழ வேண்டும் என்று மனசார வாழ்த்துகிறேன்.

உன் வரவுக்காகக் கட்டிலில் புது விரிப்பு விரித்து வைத்திருக்கும்,
அம்மா